ரெண்டு நாள் தாங்காது பாஸ்!

இன்டர்னல் மார்க் ரெண்டு நாள் லேட்டா வந்தா நமக்கு என்ன ஆகும்? கேன்டீன்ல எக்ஸ்ட்ராவா நாலு டீ, கொஞ்சம் புலம்பல். அவ்வளவுதான்! ஆனா, பிறந்து ஒரே நாளான குழந்தையோட ரத்தத்தில் கிருமி இருக்கான்னு சொல்ற டெஸ்ட்டுக்கும் கிட்டத்தட்ட அதே ரெண்டு நாள் ஆகுதுன்னா..?

அந்த நோய்க்குப் பேர் செப்சிஸ். கிருமித் தொற்றுக்கு எதிரா உடம்பு போடுற சண்டையே எல்லை மீறி, உடம்பையே சாய்க்கிற நிலை. நமக்கு வந்தா காய்ச்சல், நடுக்கம்னு காட்டிக்கொடுத்திடும். பச்சிளம் குழந்தை என்ன சொல்லும்? பால் குடிக்காது, சோர்ந்து கிடக்கும், வேகமா மூச்சு வாங்கும். சில குழந்தைகளுக்குச் சூடு ஏறாம, உடம்பு ஜில்லுனு ஆயிடும். குறைப்பிரசவம் மாதிரி வேற காரணங்களாலயும் இதெல்லாம் வரும். அதனால பார்த்தே கண்டுபிடிக்கிறது பெரிய டாக்டர்களுக்கே கஷ்டம்.

சரி, டெஸ்ட் எடுக்கலாமே? எடுக்கிறாங்க. ‘பிளட் கல்ச்சர்’. ரத்தத்தை எடுத்து, சத்துள்ள திரவத்தில் விட்டு, கிருமி வளருதான்னு காத்திருக்கணும். இதில் இன்னொரு சிக்கல்... ஒரு கிலோ எடையில் பிறந்த குழந்தையோட மொத்த ரத்தமே 80, 90 மில்லிதான். ஒரு டீ கிளாஸ்கூட நிறையாது! அதிலிருந்து எவ்வளவு எடுக்க முடியும்?

டெல்லிக் கணக்கு

டெல்லியில் 3 பெரிய மருத்துவமனைகள்ல 2011 முதல் 2014 வரை, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த 13,530 பச்சிளம் குழந்தைகளைக் கண்காணிச்சாங்க. 2016ல் வெளியான முடிவு இது: 14.3 சதவிகிதம் பேருக்கு செப்சிஸ். ஆனா கல்ச்சரில் கிருமி தெரிஞ்சது 6.2 சதவிகிதம் பேருக்குத்தான். அங்கே நடந்த மரணங்கள்ல கிட்டத்தட்ட நாலில் ஒண்ணுக்கு செப்சிஸ்தான் காரணம். மூணில் ரெண்டு பங்கு கேஸ்கள் பிறந்து 72 மணி நேரத்துக்குள்ளேயே வந்தவை.

அப்போ டாக்டர் என்ன செய்வார்? சந்தேகம் வந்ததுமே ஆன்ட்டிபயாடிக் ஆரம்பிச்சிடுவார். அது தப்பே இல்ல, காத்திருந்தா உயிர் போயிடும். ஆனா தொற்றே இல்லாத குழந்தைகளுக்கும் சேர்த்து மருந்து போகும். அதுக்கும் விலை இருக்கு. மருந்துக்குப் பழகிப்போன கிருமிகள் வார்டிலேயே குடித்தனம் பண்ண ஆரம்பிச்சிடும். நாளைக்கு இன்னொரு குழந்தைக்கு அதே கிருமி வந்தா, அந்த மருந்து கைகொடுக்காது!

கிருமியைத் தேடாதே, தடயத்தைத் தேடு

இங்கேதான் பயோமார்க்கர் என்ட்ரி! கிருமி வளர்றவரை காத்திருக்காம, கிருமியைப் பார்த்து உடம்பு ரத்தத்தில் விடுற பொருட்களை அளக்கிறது. அதில் சி.ஆர்.பி. ரொம்ப சீனியர். 1930லேயே கண்டுபிடிச்சுட்டாங்க. ஆனா தொற்று ஆரம்பிச்சு ஆறேழு மணி நேரம் கழிச்சுத்தான் ஏற ஆரம்பிக்கும். புரோகால்சிடோனின் அதைவிட வேகம். ஆனா பிறந்த முதல் ரெண்டு நாள், ஆரோக்கியமான குழந்தைக்கே அது தானா ஏறி இறங்கும். இன்டர்லூகின்-6 இன்னும் வேகமா ஏறும், அதே வேகத்தில் இறங்கியும் போயிடும். ஆளுக்கு ஒரு குறை!

நம்ம கோரிமேட்டு ஜிப்மரும் இந்தத் தேடல்ல இருக்கு. விழுப்புரம், கடலூர்னு சுத்துப்பட்டு மாவட்டமே நம்பி வர்ற ஆஸ்பத்திரி ஆச்சே! டாக்டர் விஷ்ணு பட் இடம்பெற்ற குழு, செப்சிஸ் வந்த குழந்தைகளோட டி.என்.ஏ.வையும் வராத குழந்தைகளோடதையும் ஒப்பிட்டு 2015ல் ஆய்வு வெளியிட்டாங்க. அவங்க பார்த்தது டி.என்.ஏ. எழுத்துக்களை இல்ல, அதுமேல ஒட்டியிருக்கிற மெத்தில் ‘ஸ்டிக்கர்’களை. எந்த ஜீன் வேலை செய்யணும், எது தூங்கணும்னு முடிவு பண்றதில் அந்த ஸ்டிக்கர்களுக்கும் பங்கு உண்டு. சில ஜீன்கள்ல ரெண்டு குரூப்புக்கும் வித்தியாசம் தெரிஞ்சது. 2018ல் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் பத்தியும் ஒரு ஆய்வு வந்தது. இதெல்லாம் முதல் படிதான். ஸ்டிக்கரைப் படிக்கிற சோதனைக்கே இப்போதைக்கு நேரமும் காசும் நிறைய ஆகும். வார்டுக்கு வரணும்னா வேகமா, மலிவா, ரெண்டு சொட்டு ரத்தத்தில் முடியணும்.

ஒரு குட்டிக் கணக்கு

இன்ஜினீயரிங் மூளையைக் கொஞ்சம் தட்டுங்க. சந்தேகத்துல 100 குழந்தைகள்னு வெச்சுக்குவோம். அதில் 10 பேருக்குத்தான் நிஜமா தொற்று. நம்ம டெஸ்ட், நோய் உள்ளவங்கள்ல 90 சதவிகிதம் பேரைப் பிடிக்கும். நோய் இல்லாதவங்கள்ல 90 சதவிகிதம் பேரைச் சரியா விட்டுடும். சூப்பர் டெஸ்ட்ல?

இப்போ பாருங்க. 10ல் 9 பேரைப் பிடிச்சாச்சு. மீதி 90ல் 9 பேருக்குப் பொய் அலாரம். ஆக 18 அலாரம், அதில் பாதி பொய்! ஆனா ‘தொற்று இல்ல’னு சொன்ன 82ல் 81 சரி. அதாவது, இந்த டெஸ்ட் ‘இருக்கு’ன்னு சொல்றதைவிட ‘இல்ல’ன்னு சொல்றதை அதிகமா நம்பலாம். ஆனாலும் தவறவிட்ட அந்த ஒரு குழந்தை? அதனாலதான் எந்த டாக்டரும் ஒரே ஒரு நம்பரை நம்பி முடிவெடுக்கிறதில்ல.

சும்மா தியரி இல்ல இது. நெதர்லாந்து உட்பட நாலு நாடுகள்ல, 18 மருத்துவமனைகள்ல, 1,710 குழந்தைகளை வெச்சு ஒரு சோதனை நடந்தது. புரோகால்சிடோனினுக்கு வயசு மணிக்கணக்குப்படி தனித்தனி எல்லை வெச்சு, மருந்தை எப்போ நிறுத்தலாம்னு முடிவு பண்ணாங்க. சராசரி 65 மணி நேரம் போன ஆன்ட்டிபயாடிக், 55 மணி நேரமாக் குறைஞ்சது. 2017ல் வெளியான முடிவு. ஆனா சீக்கிரம் நிறுத்துறது முழுக்க சேஃப்னு அடிச்சுச் சொல்ற அளவுக்கு அதிலேயும் ஆதாரம் கிடைக்கல. இன்னும் வேலை பாக்கி!

அந்த வேலை டாக்டர்களுக்கு மட்டும் இல்ல. சின்ன சென்சார், மலிவான ஸ்ட்ரிப், நாலஞ்சு மார்க்கரைச் சேர்த்துப் பார்க்கிற புரோகிராம்... எல்லாமே நம்ம ஏரியா. ஃபைனல் இயர் புராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்கப் போற மச்சிகளே, கேட்குதா?

அதுவரைக்கும், அக்கா பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தா, உங்க கண்ணும் ஒரு டெஸ்ட்தான். குட்டிப் பாப்பா பால் குடிக்கலையா? தொட்டு எழுப்பினாதான் அசையுதா? நிமிஷத்துக்கு 60 தடவை, அதுக்கு மேல மூச்சு வாங்குதா? வலிப்பா? உடம்பு ரொம்பச் சூடாவோ, ஜில்லுனோ இருக்கா? ‘கண்ணு பட்டிருக்கும், விடிஞ்சதும் பார்த்துக்கலாம்’னு யார் சொன்னாலும் கேட்காதீங்க. அந்த நேரத்துக்கே கிளம்புங்க. வண்டியை எடுக்க வேண்டியது நீங்கதான்!