முற்றம் இருந்த தெரு

கொழும்பு பிரின்ஸ் வீதியின் இரைச்சலிலிருந்து ஒல்லாந்தர் நூதனசாலைக்குள் நுழைந்தால் முகத்தில் காற்றுப் படும். முன்னே பருத்த தூண்கள். உள்ளே வெயில் விழும் முற்றம். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த வீடு இது. அன்று கோட்டைக்குப் புறத்தே ஒல்லாந்தக் குடும்பங்கள் குடியிருந்த ஊர் புறக்கோட்டை. காற்றுக்கும் நிழலுக்கும் இடம் விட்டுத்தான் வீடு கட்டினார்கள்.

1865 இல் கொழும்பில் ரயில் போக்குவரத்துத் தொடங்கியது. 1885 இல் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்புச் சுவர் கட்டி முடிந்தது. கப்பலுக்கும் ரயிலுக்கும் நடுவே அகப்பட்ட நிலத்தில் வீட்டைவிடக் கடைக்கே வருமானம் அதிகம். வசதியுள்ளவர்கள் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டிப் பக்கம் போனார்கள். கீழே வியாபாரம், மேல்மாடியில் முதலாளியும் கடைப் பொடியன்களும் என்று தெரு மாறியது.

இன்று மேல்மாடியில் எவரும் படுப்பது அரிது; அங்கே பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. மாடிப்படிக்குக் கீழும் ஒரு கடை: பலகைத் தடுப்பு, தலைக்கு மேல் தொங்கும் போன் உறைகள், ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய முக்காலி. தெருவைப் பார்த்த ஓரடி முகப்புக்கு உள்ள மதிப்பு பெரிய பின்னறைக்கு இல்லை. வாங்க வருகிறவரின் கால் அதுவரை போவதில்லை.

இந்த மாற்றம் நேர்கோட்டில் வரவில்லை. 1972 இன் வாடகைச் சட்டம் பழைய வாடகைக்காரரைக் காத்தது; வாடகை உயராத கட்டடத்தின் கூரையைத் திருத்தப் பல உரிமையாளர் முன்வரவில்லை. கடை கைமாறும்போது கீ மணி என்னும் மொத்தத் தொகைதான் பேசியது. 1983 ஜூலை இன வன்முறையில் இங்கே தமிழர் கடைகள் எரிந்தன. சாம்பலைக் கூட்டிவிட்டு மறுபடி கதவு திறந்தவர்களும் உண்டு, திரும்பி வராதவர்களும் உண்டு. 2020 நவம்பரில் மெனிங் மரக்கறிச் சந்தை பேலியகொடைக்குப் போனது. மரக்கறி மூட்டை போன வழியே அதைச் சுமந்த நாட்டாமிகளின் பிழைப்பும் போனது.

புறக்கோட்டையில் ஒரு பேர்ச் காணியின் விலையை உறுதி மட்டும் உயர்த்தவில்லை. பஸ் நிலையத்திலிருந்து நடந்து வரும் கால்களும், "வழி, வழி" என்று கூவிக்கொண்டு போகும் கைவண்டிகளும் சேர்ந்து உயர்த்திய விலை அது. புதுக் கட்டடங்கள் வரட்டும். அவற்றின் வரைபடத்தில் கைவண்டிக்கு ஒரு வழியும், அதைத் தள்ளுகிறவர் சற்றே உட்கார ஒரு முற்றமும் இருக்க வேண்டும்.