பேரழிவுக்குப் பின் பிழைத்த சிறார்

கதையும் உண்மையும்

உலகம் அழிந்துவிட்டது, நகரங்கள் பாழாயின, எஞ்சியிருப்போர் ஒரு சிறுவனும் ஒரு சிறுமியும் மட்டுமே. இடிபாடுகளுக்கிடையே தனியே அலையும் அவர்கள், எதிர்ப்படும் துன்பங்களை எல்லாம் தம் துணிவொன்றாலேயே வெல்கின்றனர். இத்தகைய கதைகளை நீங்கள் நூல்களில் படித்திருப்பீர்கள், திரைப்படங்களிலும் கண்டிருப்பீர்கள். 'நமக்கு இந்நிலை நேர்ந்தால் என் செய்வோம்?' என்னும் வினா அப்போது உள்ளத்தில் எழுவது இயல்பே.

உலகம் முழுவதும் ஒரே நாளில் அழிந்ததில்லை. ஆயினும் தன் ஊரையே உலகமாகக் கொண்டு வாழும் குழந்தைக்கு, அவ்வூர் அழிந்த நாளே உலகம் அழிந்த நாள். அத்தகைய நாளைக் கடந்து வந்த சிறார் நம் காலத்திலேயே, நமக்கு அருகிலேயே வாழ்கின்றனர். அவர்கள் எவ்வாறு பிழைத்தனர், எவ்வாறு மீண்டும் வாழத் தொடங்கினர் என்பவற்றை அறிவோமானால், கதையில் வரும் தனிவீரன் உண்மையில் எங்கும் இல்லை என்பது விளங்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்குச் சுமத்திரா தீவின் மேற்கே கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன் அளவு 9.1. புவித்தட்டு ஒன்று மற்றொன்றின் கீழ் நழுவியதால் கடற்றரை திடீரென உயர்ந்தது. அதன் மேலிருந்த நீர்த்திரள் எழும்பிப் பேரலையாகப் பரவியது. இத்தகைய அலை ஆழ்கடலில் வானூர்திக்கு ஒப்பான வேகத்தில் செல்லும். ஆனால் அங்கு அதன் உயரம் மிகக் குறைவு. கரையை நெருங்கும்போது வேகம் குறைந்து உயரம் கூடும். இதனையே ஆழிப்பேரலை என்கிறோம்.

அவ்வலை தமிழகக் கரையை அடைய இரண்டு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. எனினும் இந்தியப் பெருங்கடலுக்கென எச்சரிக்கை அமைப்பு எதுவும் அன்று இல்லை. நாகப்பட்டினம் மாவட்டம் பேரிழப்பைச் சந்தித்தது. குமரி மாவட்டத்தில் குளச்சலும் மணக்குடியும் சிதைந்தன. மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் இணைத்த பாலத்தை அலை அடித்துச் சென்றது. கேரளத்தில் கொல்லம் மாவட்டத்து ஆலப்பாடு பெரிதும் பாதிக்கப்பட்டது. பதினான்கு நாடுகளில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காலையில் வீட்டிலிருந்த பிள்ளைகள் பலர், நண்பகலில் பெற்றோரையும் வீட்டையும் பள்ளியையும் ஒருங்கே இழந்து நின்றனர்.

எண்ணும் பெயரும்

இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள கல்முனையில், பிறந்து சில மாதங்களே ஆன ஆண் குழந்தை ஒன்று இடிபாடுகளுக்கிடையே உயிருடன் மீட்கப்பட்டது. அன்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களுள் அக்குழந்தை 81ஆவது ஆகும். பெயர் அறியப்படாமையால் அவ்வெண்ணே அதன் பெயராயிற்று. பெற்றோர் தேடி வந்தனர். ஆனால் பிறப்புச் சான்றுகள் அலையோடு போயிருந்தன. பிள்ளையை இழந்த வேறு சிலரும் 'இது நம் குழந்தையாக இருக்கலாகாதா?' என ஏங்கியதாகச் செய்திகள் கூறின. இறுதியில் நீதிமன்றத்தின் ஆணைப்படி மரபணு ஆய்வு நடைபெற்றது. 2005ஆம் ஆண்டு பிப்ரவரியில் அக்குழந்தை தன் பெற்றோரிடம் சேர்ந்து, தன் பெயரையும் திரும்பப் பெற்றது.

பேரழிவில் தனித்துவிடப்பட்ட குழந்தைக்கு உணவும் உடையும் போலவே அடையாளமும் உடனே தேவை என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. குழந்தையின் பெயர், ஊர், பெற்றோர் பெயர், கண்டெடுக்கப்பட்ட இடம் ஆகியவற்றை முதலில் பதிவு செய்தல் வேண்டும். பின்னர் உறவினரைத் தேடுதல் வேண்டும். இரக்கத்தோடு வருபவரே ஆயினும் அயலாரிடம் அவசரமாக ஒப்படைத்தல் கூடாது. நம் நாட்டில் இப்பொறுப்பை மாவட்டந்தோறும் உள்ள குழந்தைகள் நலக் குழு ஏற்கிறது. இடர்ப்பட்ட குழந்தைகளுக்கான தொலைபேசி எண் 1098.

உறவினர் எவரும் இல்லாதபோது புதிய உறவுகள் தோன்றுகின்றன. பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கென நாகப்பட்டினத்தில் அரசு காப்பகம் ஒன்றைத் தொடங்கியது. பேரலைக்குப்பின் அம்மாவட்டத்தின் ஆட்சியராகப் பொறுப்பேற்ற ஜெ. இராதாகிருட்டிணன் அக்குழந்தைகளோடு தொடர்ந்து உறவு பேணினார். பல ஆண்டுகளுக்குப்பின், அங்கு வளர்ந்த பெண்ணின் திருமணத்திலும் அவர் கலந்துகொண்டார்.

மீண்டும் ஒலிக்கும் பள்ளி மணி

உயிர் பிழைத்த சிறாரின் அச்சம் உடனே நீங்குவதில்லை. இரவில் திடுக்கிட்டு விழித்தல், தாயை விட்டு அகல மறுத்தல், பேசாதிருத்தல், மழை பெய்தாலே நடுங்குதல் ஆகியன பலரிடம் காணப்படும். சிலர் மணலில் வீடு கட்டி, அதனை அலை அழிப்பது போன்று விளையாடுவர். இவை நோயின் அடையாளங்கள் எனப் பெரியோர் அஞ்ச வேண்டுவதில்லை. தாங்கவியலாத ஒன்றை மனம் தாங்கப் பழகும் முயற்சிகளே இவை. அன்பும் பாதுகாப்பும் கிடைத்தால் பெரும்பாலோர் காலப்போக்கில் தேறுவர். நெடுநாள் தேறாதவர்க்கு மனநல மருத்துவரின் துணை வேண்டும். 'என்ன நடந்தது, சொல்' என எவரையும் வற்புறுத்துதல் தகாது. அவர்களே சொல்ல முன்வரும்போது பொறுமையுடன் கேட்டலே நன்று.

தேறுதலுக்குப் பெருந்துணை நாள்தோறும் நிகழும் எளிய செயல்களே. உரிய நேரத்தில் உணவு, மாலையில் விளையாட்டு, காலையில் பள்ளி மணி ஆகியவை 'நாளை என ஒன்று உண்டு' என்பதைக் குழந்தைக்கு உணர்த்துகின்றன. 2024ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் நிலச்சரிவில் அழிந்தன. வெள்ளார்மலைப் பள்ளியும் முண்டக்கைப் பள்ளியும் இயங்க இயலாது போயின. எனினும் செப்டம்பர் 2ஆம் நாளே அவ்விரு பள்ளிகளின் மாணவர்களும் மேப்பாடியில் வரவேற்கப்பட்டனர், வகுப்புகள் தொடங்கின. இடம் புதிது, தோழரும் ஆசிரியரும் பழையவர்கள். சில இருக்கைகள் வெறுமையாக இருந்தன. அவ்வெறுமையையும் அவர்கள் ஒன்றாக இருந்தே எதிர்கொண்டனர்.

மூணாறு அருகே பெட்டிமுடியில் 2020ஆம் ஆண்டு ஆகத்து 6ஆம் நாள் இரவு ஏற்பட்ட நிலச்சரிவு, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளைப் புதைத்தது. மாண்டோர் 70 பேர். அவர்கள் தமிழர்கள், பலருடைய முன்னோர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றிலிருந்து வந்தவர்கள். மலையில் நேர்ந்த இழப்புக்காகச் சமவெளியிலும் ஓர் ஊர் அழுதது. பிழைப்புக்காகப் புலம்பெயர்ந்த குடும்பங்களின் நிலை இதுவே. அக்குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளியில் எம்மொழியில் கற்பினும், ஆழ்ந்த துயரை வீட்டு மொழியிலேயே முழுமையாகச் சொல்வர். ஆகவே, அம்மொழி அறிந்த ஒருவர் அவர்கள் அருகில் இருத்தல் மருந்துக்கு இணையான உதவியாகும்.

உயிர் காத்த பாடங்கள்

பிழைத்தவர்கள் தாம் அறிந்ததைப் பிறர்க்குச் சொன்னால், அடுத்த பேரழிவில் பலர் பிழைப்பர். இந்தோனேசியாவின் சிமேலூ தீவில் 1907ஆம் ஆண்டு ஆழிப்பேரலை பலரைக் கொன்றது. எஞ்சியோர் அதற்குச் 'சுமோங்' எனப் பெயரிட்டு, 'நிலம் நடுங்கிக் கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு' என்பதைப் பாட்டாகவும் கதையாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். 2004ஆம் ஆண்டில் அத்தீவு நிலநடுக்க மையத்திற்கு மிக அருகில் இருந்தது. ஆயினும் ஏறத்தாழ 78,000 மக்களுள் இறந்தோர் எழுவரே எனக் கணக்கிடப்பட்டுள்ளது.

அதே நாளில் தாய்லாந்தின் புக்கெட்டு தீவுக் கடற்கரையில், பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி டில்லி சுமித், கடல்நீர் நுரைத்துக் கொதிப்பது போன்றிருப்பதைக் கண்டாள். இரு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் கற்றது அவள் நினைவுக்கு வந்தது. அவள் விடாது எச்சரித்ததால் ஏறத்தாழ நூறு பேர் கரையை விட்டு அகன்று உயிர் தப்பினர்.

2011ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் சப்பானின் கமைசி நகரில் நிலம் நடுங்கியதும், நடுநிலைப்பள்ளி மாணவர்கள் மேட்டை நோக்கி ஓடினர். அவர்களைக் கண்டு அருகிலிருந்த தொடக்கப்பள்ளிச் சிறுவரும் ஓடினர். மூத்தோர் இளையோரின் கைகளைப் பற்றிக்கொண்டனர். முதலில் சென்ற இடம் போதாது எனக் கண்டு மேலும் உயரமான இடத்திற்குச் சென்றனர். ஆயிரத்திற்கும் மேற்பட்டோரை இழந்த அந்நகரில், அன்று பள்ளிப் பொறுப்பில் இருந்த ஏறத்தாழ 3,000 மாணவர்கள் பிழைத்தனர். பல ஆண்டுகளாக இடைவிடாது பெற்ற பயிற்சியின் பயன் இது.

நம் கரையில்

நெய்யாற்றங்கரை வட்டத்தின் பொழியூரும் குமரி மாவட்டத்தின் நீரோடியும் அடுத்தடுத்து அமைந்த கடற்கரை ஊர்கள். இடையே மாநில எல்லை உண்டு. கடலுக்கு அவ்வெல்லை தெரியாது. 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல், பூந்துறை, விழிஞ்ஞம், பொழியூர், நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை முதலிய ஊர்களிலிருந்து ஆழ்கடல் சென்ற மீனவர் பலரைத் திரும்பவிடவில்லை. பலருடைய உடல்களும் கிடைக்கவில்லை. இறந்தவரின் குடும்பத்திற்கு இரு மாநில அரசுகளும் தலா இருபது இலட்சம் உரூபாய் வழங்கின. எனினும் தந்தையின் உடலையும் காணாத பிள்ளைக்குக் காத்திருப்பு எளிதில் முடிவதில்லை. அப்பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கக்கூடும். அவனைக் கேள்விகளால் துளைக்காமல், விளையாட அழைப்பதும் விடுபட்ட பாடத்தை எழுதித் தருவதும் உங்களால் இயலும் உதவிகள்.

இப்போது ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இயங்குகிறது. எனினும் கருவி தரும் எச்சரிக்கையைப் பொருளுணர்ந்து செயற்பட வேண்டியவர் மனிதரே. உங்கள் முழுப்பெயர், பெற்றோரின் பெயர், தொலைபேசி எண், சொந்த ஊர் ஆகியவற்றை மனப்பாடம் செய்யுங்கள். பள்ளிக்கும் வீட்டுக்கும் அருகிலுள்ள மேட்டுநிலம் எது என அறிந்துகொள்ளுங்கள். வெள்ளத்தையும் புயலையும் கண்ட பாட்டி, தாத்தாவிடம் கேட்டு எழுதி வையுங்கள். ஓட நேர்ந்தால் எவர் கையைப் பற்றிக்கொண்டு ஓடுவீர்கள் என்பதையும் இன்றே எண்ணிப் பாருங்கள்.

வினாக்கள்

1. ஆழிப்பேரலை ஆழ்கடலிலும் கரையிலும் எவ்வாறு வேறுபடுகிறது?
2. கல்முனைக் குழந்தையின் நிகழ்ச்சி உணர்த்தும் கருத்து யாது?
3. பேரழிவுக்குப்பின் பள்ளியை விரைவில் திறத்தல் ஏன் இன்றியமையாதது?
4. சிமேலூ, புக்கெட்டு, கமைசி ஆகிய மூன்று நிகழ்ச்சிகளுக்கும் பொதுவானது எது?
5. உங்கள் குடும்பத்து முதியோர் ஒருவர் கண்ட வெள்ளம் அல்லது புயல் பற்றிக் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.