மீனுக்குப் பசி, துவான்!

2020 மார்ச் 18. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. ஒலிபரப்பு அத்தியாவசியச் சேவை என்பதால் என் கையில் வேலைக் கடிதம். எங்கள் கப்பி மீன் வாட்சாப் குழுவில் நான்தான் விஐபி!

“தங்கச்சி, மீன் தீனி முடிஞ்சிருச்சு. வர்ற வழியில வாங்கிட்டு வர்றியாம்மா?”

சாலைத் தடுப்பில் போலீஸ்காரர் கேட்டால் “மீனுக்குப் பசி, துவான்” என்றா சொல்வது? அவித்த முட்டையின் மஞ்சள் கருவைச் சிட்டிகையளவு போடச் சொன்னேன். கூடினால் தண்ணீர் கெட்டுவிடும்.

தனியாக வசிக்கும் அண்ணன் ஒருவர் மட்டும் இரண்டு நாளாகப் பதிலே போடவில்லை. பதறிப்போய் அழைத்தேன்.

“குட்டி போட்டிருக்கும்மா! எண்ணிக்கிட்டே இருக்கேன், ஒண்ணும் நிக்க மாட்டேங்குது.”

அன்றிலிருந்து நிகழ்ச்சி முடிந்ததும் தினமும் அவரை அழைப்பேன்: “அண்ணே, இன்னிக்கு எத்தனை?”