37 குதிரைத்திறனும் 30 கிலோவும்

1980களின் இறுதியில் கோயம்புத்தூரில் கரிவரதன் கட்டிய பந்தயக் கார்களுக்கு ஃபார்முலா மாருதி என்று பெயர். ஒற்றை இருக்கை, திறந்த சக்கரங்கள், தரையை ஒட்டிய உடல். 2005இல் ஃபார்முலா ஒன் களத்தில் இறங்கிய முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயன் தொடக்க காலத்தில் பந்தயம் ஓட்டிய வண்டிகளில் அதுவும் ஒன்று. அதற்குள் இருந்தது மளிகைக் கடை வாசல்களில் நின்றுகொண்டிருந்த மாருதி 800இன் எஞ்சின்தான். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

கடைவீதிக்குப் போய்வரும் எஞ்சினை வைத்து ஒரு தலைமுறைக்கே பந்தயம் ஓட்டக் கற்றுக்கொடுக்க எப்படி முடிந்தது? விடையில் பாதி, எடையில் இருக்கிறது.

மாருதி 800இன் எண்களைப் பாருங்கள். மூன்று சிலிண்டர், மொத்தம் 796 சி.சி. சிலிண்டரின் விட்டம் 68.5 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 72 மி.மீ. கார்புரேட்டர் காலத்து வண்டியில் சுமார் 37 குதிரைத்திறன். வண்டியின் எடை 650 கிலோவை ஒட்டி. 1983 டிசம்பரில் முதல் வண்டி சாலைக்கு வந்தது, 1986இல் உடலமைப்பு மாறியது, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. அதற்குள் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்துவிட்டன. எஞ்சினும் எடையும் சின்ன எண்கள் என்பதால் எதை மாற்றினாலும் உடனே தெரியும். ஒன்றரை டன் எடையுள்ள காரில் 30 கிலோவைக் குறைத்தால் ஓட்டுகிறவருக்குப் புலப்படாது. இந்த வண்டியில் அது கிட்டத்தட்ட 5 சதவீதம். எஞ்சினில் கைவைக்காமலேயே ஒன்றே முக்கால் குதிரைத்திறன் கூடியதற்குச் சமம். டிக்கியில் பெரிய ஸ்பீக்கர் பெட்டி ஏற்றுகிறவர்கள் இதே கணக்கைத் தலைகீழாகப் போட்டுக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு வைத்து, பழைய மாருதியின் அடியில் படுத்துக்கிடக்கிறவர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர். நானும் அவர்களில் ஒருவன். அவர்களில் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, பிக்கப் கூட என்ன போடலாம் என்பதைத்தான். எதையும் போடுவதற்கு முன்னால், கம்பெனியிலிருந்து வந்த அன்று வண்டி எப்படி இருந்ததோ அந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள் என்பேன். இருபது வருடத்து வண்டிக்கு அதைவிடப் பெரிய மாற்றத்தை எந்தக் கடையும் விற்பதில்லை.

ஐடிலிங்கில் வண்டி நடுங்குவதையே எடுத்துக்கொள்ளலாம். மூன்று சிலிண்டர் எஞ்சினின் பிஸ்டன்கள் 120 பாகை இடைவெளியில் இயங்குகின்றன. மேலும் கீழுமாக அவை உண்டாக்கும் விசைகளைக் கூட்டினால் விடை பூஜ்யம். ஆனால் மூன்றும் ஒரே இடத்தில் இல்லை, ஒரு வரிசையில் நிற்கின்றன. ஒரு முனையில் இருப்பது மேலே இழுக்கும்போது மறுமுனையில் இருப்பது கீழே தள்ளும். ஆகவே எஞ்சின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஆடிக்கொண்டே இருக்கும். இது பழுது கிடையாது, இயல்பு. இந்த ஆட்டத்தை உடலுக்குள் விடாமல் பிடித்துவைப்பது எஞ்சின் மவுன்ட் ரப்பர். வருடங்கள் போகப்போக ஆக்சிஜனும் வெப்பமும் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளுக்கிடையே புதுப்புது முடிச்சுகளைப் போட, அது இறுகுகிறது. ஸ்டியரிங் நடுங்குகிறது, கண்ணாடி அதிர்கிறது. எஞ்சின் போய்விட்டது என்று நினைத்து ஹெட்டை இறக்கச் சொல்கிறார்கள். சில நூறு ரூபாய் மவுன்டை மாற்றினால் வண்டி அடங்கிவிடும். பந்தயத்துக்குப் போடுகிற கெட்டியான மவுன்டை இந்த எஞ்சினுக்குப் போட்டால் நடுக்கம் முழுவதும் ஓட்டுகிறவர் மடியில்தான் இறங்கும்.

ரப்பர் சமாச்சாரம் பேசும்போது இன்னொன்று. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய கதவு, கியர்பாக்ஸ் கூடு, ஹப் போன்ற உலோகச் சாமான்களைத் தாராளமாகத் தேடலாம். புஷ், ஹோஸ், டயர் எதையும் பழையதாக வாங்கக் கூடாது. ஓடாமல் சும்மா கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் அச்சாகியிருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது.

அடுத்தது எல்லோரும் ஆசைப்படும் அலாய் வீல். மாருதியின் 145/70 ஆர் 12 டயரின் வெளிவிட்டம் 508 மி.மீ. அதைக் கழற்றிவிட்டு 13 அங்குலச் சக்கரத்தில் 155/65 போட்டால் விட்டம் 532 மி.மீ. ஆகிறது. 4.7 சதவீதம் அதிகம். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 62.8இல் போகும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு கியரிலும் இழுவிசை அதே அளவுக்குக் குறையும். ஏற்கெனவே 37 குதிரைத்திறன்தான். சக்கரத்தின் எடை வேறு. சுழலும் பொருளை முன்னே தள்ளவும் வேண்டும், சுற்றவும் வேண்டும் என்பதால், விளிம்பில் கூடும் 1 கிலோ முடுக்கத்தின்போது ஏறத்தாழ 2 கிலோவாகக் கணக்கில் வரும். அலாய் என்றாலே லேசு என்று நம்பிவிடாமல், வாங்கும் முன் தராசில் வைத்துப் பாருங்கள். பெரிய அளவு அலாய் சின்ன இரும்புச் சக்கரத்தைவிடக் கனமாக இருப்பது சாதாரணம். காற்றழுத்தத்தைச் சரியாக வைப்பதற்குச் செலவே இல்லை. ஓட்டுநரோடு சேர்ந்து 720 கிலோ, அழுத்தம் 28 பி.எஸ்.ஐ. என்றால் ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு சுமார் 90 சதுர செ.மீ., ஒரு உள்ளங்கை அளவு. திரும்புவதும் நிற்பதும் அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான்.

ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்துவது இன்றும் பல பட்டறைகளில் நடக்கிறது. எனக்கு இதில் கடுமையான மறுப்பு உண்டு. சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு, வேலைசெய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். ஐந்து சுற்றில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 25 சதவீதம் ஏறும். கம்பியின் தடிமனோ நான்காம் அடுக்கில் வேலைசெய்யும். 10 சதவீதம் தடித்த கம்பியில் செய்த ஸ்பிரிங் 46 சதவீதம் விறைப்பாக இருக்கும். இதனால்தான் ஒரு வண்டியின் ஸ்பிரிங்கைப் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கிறதே என்று இன்னொன்றுக்குப் போடக் கூடாது. விறைப்பு கூடினால் ஷாக் அப்சார்பரின் பங்கும் மாறிவிடுகிறது. ஸ்பிரிங் விறைப்பு 25 சதவீதம் ஏறும்போது, அதே ஷாக் அப்சார்பரின் தணிக்கும் திறன் ஒப்பளவில் 10 சதவீதம் குறைகிறது. கெட்டியாக்கிய வண்டி குதிக்க ஆரம்பிப்பது இதனால்தான். தாழ்ந்துபோன வண்டி சின்னப் பள்ளத்திலும் பம்ப் ஸ்டாப்பில் போய் இடிக்கும். அந்தக் கணத்தில் டயர் பிடியை விட்டுவிடும். சக்கரம் தொங்கும்போது, வெட்டிய ஸ்பிரிங் தான் அமரும் இடத்திலிருந்து நழுவவும் கூடும்.

அதற்குப் பதில், தேய்ந்த ஷாக் அப்சார்பர் நான்கையும் புதிதாக்கி, லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட் இரண்டையும் மாற்றி, அலைன்மென்ட் பார்த்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். வளைவில் வண்டி கேட்டபடி திரும்பும்.

பிரேக்குக்கு வருவோம். ஓட்டுநரோடு 720 கிலோ எடையுள்ள வண்டி 60 கி.மீ. வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் 1 லட்சம் ஜூல். 120இல் 4 லட்சம் ஜூல். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு; பிரேக்கைப் பார்க்காமல் எஞ்சினை மட்டும் ஏற்றிவிடுகிறவர்கள் மறப்பது இதைத்தான். சமவெளிக் கணக்கு இது. நால்வரோடு 900 கிலோவாகி, ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,900 மீட்டர். உதற வேண்டிய ஆற்றல் 1.68 கோடி ஜூல், 60 கி.மீ. வேகத்தில் போகிற அதே வண்டியை 130 தடவைக்கு மேல் நிறுத்துவதற்குச் சமம். உருளும் டயரும் எதிர்க்காற்றும் ஒரு பகுதியைத் தின்றுவிடும். மீதியை எஞ்சின் ஏற்க வேண்டும், அல்லது பிரேக் ஏற்க வேண்டும். இரண்டாம் கியரில் இறங்கு என்று பெரியவர்கள் சொல்வது இதற்காகத்தான்.

அந்தச் சூட்டில் பிரேக் ஆயிலின் வயது வெளிப்பட்டுவிடும். அது கிளைகால் வகைத் திரவம், காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 தரத்துக்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், நீர் 3.7 சதவீதம் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 140தான். டாட் 4க்கு 230, 155. கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பழையதை முழுவதும் வெளியேற்றிப் புதிதாக நிரப்பினால் இந்த ஆபத்து ஏறத்தாழ இல்லை. எந்த அலங்காரத்துக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள் என்று யாரையும் கெஞ்சிக் கேட்பேன்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. சைலன்சரைப் பிடுங்கிவிட்டு வெறும் குழாய் மாட்டுகிறவர்கள் சட்டத்தை மட்டும் மீறவில்லை. பிந்தைய வண்டிகளில் அதோடு சேர்ந்து கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் போகிறது; கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் முறிக்கிற பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு அதற்குள்தான் இருக்கிறது. அது இல்லாமல் வருகிற புகை, பள்ளி விட்டு வரும் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகிறது.

இனி கார்புரேட்டர். எனக்கு இந்த வண்டியில் மிகவும் பிடித்த பகுதி. குறுகிய தொண்டை வழியே காற்று விரையும்போது அங்கே அழுத்தம் குறைகிறது, அந்தக் குறைவு ஜெட் வழியே பெட்ரோலை உறிஞ்சி எடுக்கிறது. கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. பெட்ரோல் முழுமையாக எரிய, 1 கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று வேண்டும். ஆனால் எளிய கார்புரேட்டருக்குக் காற்றின் எடை தெரியாது. அழுத்தக் குறைவு மட்டுமே தெரியும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட 20 சதவீதம் குறைவு. உள்ளே போகும் காற்றின் எடை 20 சதவீதம் குறையும். பெட்ரோலோ அடர்த்தியின் வர்க்கமூலப்படி 10 சதவீதத்தை ஒட்டித்தான் குறையும். விளைவு, கலவை 13.1க்கு இறங்கி, பெட்ரோல் தூக்கலாகிவிடுகிறது. மலையேறியதும் வண்டி மூச்சு முட்டுவதும் பிளக் கரி பிடிப்பதும் இதனால்தான்.

இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்கு 1 கிராமுக்கு 9 கிராம் காற்று போதும். ஆகவே இந்தக் கலவைக்கு வேண்டிய விகிதம் 14.7 இல்லை, ஏறத்தாழ 13.5. பழைய ஜெட்டோடு ஓடும் பழைய கார்புரேட்டர், சமவெளியில் தேவையைவிட 8 சதவீதம் குறைவான எரிபொருளைக் கொடுக்கிறது. பிளக் வெளுக்கிறது, ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி ஒரு கணம் தயங்கி எழும்புகிறது. அதே வண்டி அதே பெட்ரோலோடு ஊட்டிக்கு ஏறினால் மலைக் காற்றின் கலவை 13.1, எரிபொருளின் தேவை 13.5, இரண்டும் கிட்டத்தட்டப் பொருந்திவிடுகின்றன. முன்பு மலையில் திணறிய வண்டி, இப்போது மலையில் சீராகவும் கீழே தயங்கியும் ஓடுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். 2000ஐ ஒட்டி வந்த, கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆக்சிஜன் சென்சார் உள்ளவை புகையை மோந்து பார்த்துத் தாங்களே திருத்திக்கொள்ளும்.

கார்புரேட்டர் வண்டிக்குத் திருத்தம் நம் கையில்தான். அந்த 8 சதவீதக் குறையை ஈடுகட்ட, இப்போது வருவதைவிட 9 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும்; அதற்கு ஜெட் துளையின் பரப்பு 9 சதவீதம் கூட வேண்டும். விட்டத்தில் அது சுமார் 4 சதவீதம். 1 மி.மீ. துளை 1.04 ஆக வேண்டும், அவ்வளவுதான். துளையைக் கம்பி விட்டுக் குடையாதீர்கள். அடுத்த அளவு ஜெட்டைத் தேடி மாட்டுங்கள். கூடவே, எத்தனாலுக்குப் பழக்கமில்லாத பழைய பெட்ரோல் ஹோஸ்களையும் கார்புரேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரத்தையும் மாற்றிவிடுங்கள்; அவை உப்பியும் வெடித்தும் போனால் பெட்ரோல் சூடான எஞ்சின் மேல் சொட்டும். பிறகு 50 கி.மீ. நிதானமாக ஓட்டிவிட்டு, எஞ்சின் ஆறியபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் மூக்கு வெளிர் பழுப்பாக இருந்தால் ஜெட் சரி. இன்னும் வெள்ளையாகவே இருந்தால் இன்னொரு அளவு கூட்டிப் பார்க்கலாம்.