பாட்டு ஊருக்கே கேட்குது... பாடுறவருக்குக் கேட்குதா?

ராயபுரம், காசிமேடு பக்கம் கானா கச்சேரி பார்த்திருக்கீங்களா? தெருவை அடைச்சு மேடை, ரெண்டு பக்கமும் ஆள் உயர பாக்ஸ். பாட்டு சூடு பிடிக்கிற நேரத்துல 'கூவ்வ்வ்'னு ஒரு ஊளை. கூட்டமே காதைப் பொத்தும். பாடகர் சவுண்ட்காரரை முறைப்பார், சவுண்ட்காரர் மிக்ஸரை முறைப்பார். ரெண்டு பேரும் பார்க்க வேண்டியது, பாடகரின் காலடியில் சாய்ந்து கிடக்கும் பெட்டியை. அதுதான் ஸ்டேஜ் மானிட்டர்.

பெரிய பாக்ஸ் நமக்கு, மானிட்டர் பாடுறவருக்கு. டோலக்கும் சட்டியும் முதுகுக்குப் பின்னால் முழங்கும்போது தன் குரல் கேட்கலைன்னா, பாடகர் கத்த ஆரம்பிப்பார். சுருதி விலகும், நாலாவது பாட்டுல தொண்டை கட்டும். அடுத்த நாளும் கச்சேரி இருந்தா அது சம்பாத்தியத்துலேயே கை வைக்கும்.

2018 ஜனவரி 6-ல் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல்முறையா மேடையேறினப்போ அந்தக் குழுவில் 19 பேர். கானா, ராப், ராக், பறைன்னு எல்லாம் ஒரே மேடையில. ஆள் கூடக்கூட அவங்கவங்க சத்தத்தை அவங்கவங்க கேட்கிறதே பெரும்பாடு.

இப்போ வர்ற பவர்டு மானிட்டர்ல ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கு. மிக்ஸர்ல இருந்து ஒரு வயர், கரன்ட்டுக்கு ஒரு வயர், அவ்வளவுதான். சுலபமா இருக்கிறதாலேயே கிடைச்ச இடத்துல வெச்சுடுறோம். சிக்கல் அங்கேதான்!

மைக்குக்கு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி காது கேட்காது. மேடைகளில் சாதாரணமா பார்க்கிற ஷூர் எஸ்.எம். 58-க்கு வால் பக்கம் காது மந்தம். அதனால மானிட்டர் பாடகருக்கு நேர் எதிரே, அந்த வால் பார்க்கிற திசையில இருக்கணும். அதே கம்பெனியின் பீட்டா 58ஏ வேற ரகம். அதுக்கு வால் பக்கமும் கொஞ்சம் கேட்கும். பின்பக்கத்து ஓரங்கள்லதான் மந்தம். அதுக்கு மானிட்டரை இடமோ வலமோ தள்ளி வைக்கணும். ரெண்டையும் ஒரே இடத்துல வெச்சுட்டு மைக்கைத் திட்டுறது நியாயமே இல்லை.

அப்புறம் அந்த ஸ்டைல்... மைக்கின் வலைத் தலையைக் கைக்குள்ள பொத்திப் பிடிக்கிறது. பின்னால இருக்கிற துளைகள் அடைபட்டா மைக் எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பிச்சுடும். மானிட்டர் சத்தம் மைக்குக்குள்ள போய், திரும்ப மானிட்டர்ல வந்து, சுத்திச்சுத்தி ஊளையாகும். பாட்டு முடிஞ்சு கையைத் தொங்கப்போடும்போது மைக்கின் முகம் மானிட்டரைப் பார்த்தாலும் இதே கதைதான்.

பெட்டியின் வாய் முழங்காலைப் பார்க்கக் கூடாது, காதைப் பார்க்கணும். சத்தம் போதலையா? வால்யூமைத் திருகுறதுக்கு முன்னாடி பெட்டியைக் கிட்ட இழுங்க. திறந்தவெளியில் தூரம் பாதியானா சுமார் 6 டெசிபல் கூடும், காசு செலவில்லாம.

மிக்ஸரும் மானிட்டரும் ஒரே இடத்துல இருந்து கரன்ட் எடுத்தா 'ம்ம்ம்' இரைச்சல் பெரும்பாலும் வராது. இரைச்சலை நிறுத்த எர்த் பின்னை உடைக்கிறதெல்லாம் வேண்டாம்ணே, உயிர் போயிடும். ஆன் பண்ணும்போது மானிட்டர் கடைசி, ஆஃப் பண்ணும்போது முதல்.

காதையும் கொஞ்சம் நினைச்சுக்கோங்க. அமெரிக்காவின் நியோஷ் அமைப்பின் கணக்குப்படி 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கலாம். 100 டெசிபல்னா 15 நிமிஷம்தான்.

சவுண்ட் செக் நேரத்துல சவுண்ட்காரர்கிட்ட முதல்ல கேட்க வேண்டியது இது: "அண்ணே, மானிட்டர்ல முதல்ல என் குரலை மட்டும் குடுங்க." டோலக்கை அப்புறம் சேர்த்துக்கலாம்.