பயாப்சி முடிவுக்குப் பின்: பத்தியமும் சிகிச்சையும்

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று பயாப்சி முடிவு வந்துவிட்டால், டாக்டர் சொன்னது முழுதாகப் புரிவதற்குள் சுற்றத்தாரின் யோசனைகள் வந்து சேர்ந்துவிடும். முள் சீத்தா இலைக் கஷாயம், அருகம்புல் சாறு, பச்சை மஞ்சள், வேப்பங்கொழுந்து, சாமையும் தினையும் மட்டும் உண்ணும் பத்தியம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். சேர்வராயன் மலையில் இவற்றில் பலவும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். கீமோவுக்கு மட்டும் ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் போக வேண்டும். நாள் கூலியை விட்டு, துணைக்கு ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு, திரும்பத் திரும்பப் போக வேண்டும். மலைக்காரர்கள் சாற்றின் பக்கம் சாய்வதை அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வராது. பயமும் செலவும் தூரமும் சேர்ந்து எடுக்க வைக்கும் முடிவு அது. ஆனாலும் அந்த முடிவால் என்ன கைவிட்டுப் போகிறது என்பதைத் தெரிந்துகொண்டே எடுக்க வேண்டும்.

கைவிட்டுப் போவது காலம். ஒரு மாதம் அருகம்புல் சாறு குடிப்பதால் பெரும்பாலோருக்குப் பெரிய கேடு எதுவும் வராது. அந்த ஒரு மாதம் மூன்றாகி, மூன்று ஆறாகும்போது கட்டி இருந்த இடத்திலேயே இருப்பதில்லை. மார்பகப் புற்றுநோய் மார்பைத் தாண்டாத நிலையில் கண்டுபிடிக்கப்பட்டுச் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 99 பேர், அந்த நோயின் அளவில், ஐந்து ஆண்டைக் கடந்துவிடுகிறார்கள் என்று அமெரிக்கப் பதிவுகள் சொல்கின்றன. எலும்புக்கோ நுரையீரலுக்கோ பரவிய பிறகு அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு விழுந்துவிடுகிறது. நம் ஊரில் இரண்டு எண்ணிக்கையும் இதைவிடக் குறையலாம். சீக்கிரம் போனால் பிழைக்கும் வாய்ப்பு கூடும் என்பது இரண்டு ஊருக்கும் பொது.

பத்தியத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்த்த ஆய்வு ஒன்று 2018இல் வெளிவந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் செய்தது. இன்னும் தொலைவுக்குப் பரவாத, சிகிச்சைக்கு இடமிருந்த நிலையில் வழக்கமான சிகிச்சையை மறுத்து மாற்று முறையை மட்டும் தேர்ந்தவர்கள் 281 பேர். வயதிலும் நோயின் கட்டத்திலும் அவர்களை ஒத்த, வழக்கமான சிகிச்சை பெற்ற 560 பேரோடு ஒப்பிட்டார்கள். மாற்று முறையினர் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் மட்டும் பார்த்தால் ஐந்து மடங்கைத் தாண்டியது. புராஸ்டேட் புற்றுநோயில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அது பெரும்பாலும் மெதுவாக வளர்வது, ஆய்வு கவனித்த சில ஆண்டுகளுக்குள் வேறுபாடு வெளிப்படாமல் இருந்திருக்கலாம்.

அதே குழுவின் இன்னொரு ஆய்வும் அந்த ஆண்டே வந்தது. நம் வீடுகளுக்கு அதுதான் அதிகம் பொருந்தும் என்பேன். இது வழக்கமான சிகிச்சையில் ஏதாவது ஒன்றையாவது ஏற்று, கூடவே மாற்று முறையையும் சேர்த்துக்கொண்டவர்களைப் பற்றியது. அவர்களுக்கும் இறக்கும் அபாயம் இரண்டு மடங்காக இருந்தது. ஏன் என்று துருவியபோது ஒன்று தெரிந்தது. ஆபரேஷனுக்குச் சம்மதித்த பலர் கீமோவை மறுத்திருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் கதிர்வீச்சை, நம் ஊர்ப் பேச்சில் 'கரண்ட் வைப்பதை', மறுத்திருந்தார்கள். அந்த மறுப்பையும் தாமதத்தையும் கணக்கில் சேர்த்ததும் வித்தியாசம் மறைந்துவிட்டது. அதாவது உயிரை எடுத்தது அவர்கள் சேர்த்துக்கொண்ட பொருள் அல்ல. விட்டுவிட்ட சிகிச்சை.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் எப்போதும் ஒன்றுதான்: 'எங்க சொந்தத்துல ஒருத்தர் கீமோ வேண்டாம்னு வந்துட்டார், சாறு குடிச்சார், பத்து வருஷமா நல்லா இருக்கார்.' இது பெரும்பாலும் பொய்யாக இருக்காது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி, அவருக்கு ஆபரேஷன் நடந்ததா என்பது. மார்பகத்திலும் குடலிலும் கட்டியை முழுதாக வெட்டி எடுத்ததுமே பலருக்கு நோய் தீர்ந்துவிடுகிறது. அதன்பின் கொடுக்கும் கீமோ, கண்ணுக்குத் தெரியாமல் எங்காவது தங்கிவிட்ட செல்களால் நோய் திரும்பி வராமல் இருக்க. கீமோ இல்லாமலும் சிலருக்குத் திரும்பாது. யாருக்குத் திரும்பும், யாருக்குத் திரும்பாது என்று முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாததால்தான் அபாயம் உள்ள எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். திரும்பாதவர் நம் எதிரில் உட்கார்ந்து சாற்றைப் புகழ்கிறார். திரும்பியவர் வந்து பேச உயிரோடு இருப்பதில்லை.

2024 நவம்பரில் இது நாடு முழுக்கப் பேச்சானது. முன்னாள் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து, தன் மனைவியின் நான்காம் கட்டப் புற்றுநோய் எலுமிச்சைத் தண்ணீர், பச்சை மஞ்சள், வேப்பிலை, நேரம் தவறாத பட்டினி ஆகியவற்றால் குணமானதாகச் செய்தியாளர்களிடம் சொன்னார். அந்தக் காணொலி தமிழ்நாட்டு வாட்ஸ்அப்பிலும் சுற்றியது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் இந்நாள், முன்னாள் புற்றுநோய் மருத்துவர்கள் 262 பேர் கையெழுத்திட்டு மறுத்தார்கள்: இந்தப் பொருட்களால் புற்றுநோய் குணமாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை, சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று. அந்த அம்மையாருக்கு ஆபரேஷனும் கீமோவும் நடந்திருந்தன. பிறகு சித்துவே, உணவுமுறையை மருத்துவர்களின் ஆலோசனையோடு சிகிச்சைக்குத் துணையாகவே கடைப்பிடித்ததாக விளக்கினார். முதல் காணொலி போன வீடுகளுக்கெல்லாம் இந்த விளக்கமும் போயிருக்குமா என்பதுதான் என் கவலை.

செடிகொடியில் மருந்தே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. நம் வேலியோரத்தில் பூக்கும் நித்தியகல்யாணியையே பார்க்கலாம். சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இரு ஆய்வாளர்கள், சர்க்கரை நோய்க்கு ஜமைக்கா மக்கள் குடித்த நித்தியகல்யாணிக் கஷாயத்தைச் சோதித்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, எலிகளின் வெள்ளை அணுக்கள் இறங்கின. வெள்ளை அணுக்கள் கட்டின்றிப் பெருகும் நோய்தானே ரத்தப் புற்று. அதைத் தொடர்ந்து போய் அவர்கள் கண்டெடுத்தது வின்பிளாஸ்டின். அதே செடியிலிருந்து சில ஆண்டுகளில் வின்கிரிஸ்டின் வந்தது. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் அரை டன் காய்ந்த இலை வேண்டும். நோயாளிக்கு ஏற்றுவது சில மில்லிகிராம்தான். அளவு கொஞ்சம் கூடினாலும் நரம்பையும் எலும்பு மஜ்ஜையையும் தாக்கும். அதனால் இலையை அரைத்துக் குடிப்பவருக்கு மருந்தின் பலன் கிடைக்காது, செடியின் நஞ்சு மட்டும் கிடைக்கும்.

அந்தச் செடியின் மருந்தை அளந்து, வேறு மருந்துகளோடு கோத்துக் கொடுத்தபோது என்ன நடந்தது என்பதற்குச் சென்னையே சாட்சி. 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், டாக்டர் வி. சாந்தாவின் காலத்தில், மும்பை, டெல்லி மருத்துவமனைகளோடு சேர்ந்து 1980களில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு ஒரே முறையான சிகிச்சையைக் கொண்டுவந்தது. வின்கிரிஸ்டினும் அதில் உண்டு. அதற்கு முன் நூறு குழந்தைகளில் இருபது பேர் அளவுக்கே பிழைத்த நிலை மாறி, ஏறத்தாழ பாதிப் பேர் நோய் திரும்பாமல் நான்கு ஆண்டைத் தாண்டினார்கள். இன்று அது இன்னும் கூடியிருக்கிறது. கீமோ என்றாலே செயற்கை நஞ்சு, சாறு என்றாலே இயற்கை என்று பிரிப்பவர்களுக்கு நான் இந்தச் செடியைத்தான் காட்டுவேன்.

முள் சீத்தாவுக்கு வருவோம். அதன் சத்து ஆய்வுக்கூடத் தட்டில் புற்றுச் செல்களைக் கொல்கிறது என்பது உண்மை. தட்டில் கொல்லும் பொருட்கள் ஏராளம், மனித உடம்பில் வேலை செய்பவை மிகச் சில. முள் சீத்தா மனிதர்களைக் குணமாக்கியதாக முறையான சோதனை எதுவும் காட்டவில்லை. அதிலுள்ள அனோனாசின் என்ற பொருள் நரம்புக்குக் கெடுதல். கரீபியக் கடலின் குவாடலூப் தீவில் இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் நெடுநாள் உட்கொண்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நடுக்கநோய் அதிகம் காணப்பட்டதை 1999இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். எப்போதாவது ஒரு பழம் தின்பதைப் பற்றியல்ல, தினமும் கஷாயம் வைத்துக் குடிப்பதைப் பற்றியே இந்த எச்சரிக்கை.

காப்பி விளையும் மலை என்பதால் இதையும் சொல்லிவிட வேண்டும். மாக்ஸ் கெர்சன் என்ற ஜெர்மானிய மருத்துவர் வகுத்த முறையில் நாளெல்லாம் பச்சைச் சாறும், ஆசனவாய் வழியாகக் காப்பி எனிமாவும் உண்டு. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையம் 1959இல் அவருடைய நோயாளிகள் ஐம்பது பேரின் விவரங்களை ஆராய்ந்து, பலன் எதுவும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டது. எனிமாவால் உடம்பின் உப்புச்சத்து குலைந்து இறந்தவர்களும் உண்டு. காப்பியைக் குடிக்கத் தடையில்லை.

சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினி கிடந்து சாகும் என்பது இன்னொன்று. புற்றுச் செல்கள் குளுக்கோஸை அதிகம் இழுப்பது 1920களிலேயே ஓட்டோ வார்பர்க் கண்டதுதான். ஆனால் நாம் சோற்றையும் பழத்தையும் நிறுத்தினாலும் ரத்தத்தில் சர்க்கரை தீர்ந்துவிடாது. கல்லீரல் நம் தசையைக் கரைத்துச் சர்க்கரை செய்துகொள்ளும். முதலில் மெலிவது நோயாளிதான். எடை குறைந்தவருக்குக் கீமோவின் அளவைக் குறைக்கவோ தள்ளிப்போடவோ நேரிடுகிறது. நீரிழிவு உள்ளவர்கள் மட்டும் சர்க்கரையை இறுக்கிப் பிடித்தாக வேண்டும், கீமோவோடு தரும் ஸ்டீராய்டு அதை ஏற்றிவிடும்.

அப்படியானால் என்னதான் சாப்பிடுவது? சிகிச்சை நடக்கும் மாதங்களில் உணவின் முதல் வேலை எடையைக் காப்பது. உடல் எடையில் கிலோவுக்கு ஒன்றேகால் கிராம் அளவாவது புரதம் வேண்டும். ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு அறுபது கிராமுக்கு மேல். ஒரு முட்டையில் ஆறு கிராம், ஒரு டம்ளர் பாலில் ஆறு ஏழு கிராம், ஒரு பிடி நிலக்கடலையில் ஏழு எட்டு கிராம். கொள்ளும் பருப்பும் கோழியும் மீனும் இதற்கு உதவும். ராகிக் கஞ்சியும் சாமைச் சோறும் அருமையான உணவு, தாராளமாகத் தொடரலாம். கஞ்சியில் பாலோ, சாமையில் பருப்போ, பக்கத்தில் முட்டையோ சேர வேண்டும் என்பதே முக்கியம். 'முட்டை சூடு, கறி ஆகாது' என்று நிறுத்திவிடுவது நோயாளிக்கு நாம் செய்யும் பெரிய கெடுதல். வாய்ப்புண் இருந்தால் காரம் குறைத்து, ஆறவைத்து, குழையக் கொடுக்கலாம்.

வெள்ளை அணு குறைந்த நாட்களில் பச்சை இலைச் சாறு வேண்டாம். மண்ணிலிருந்து வரும் கிருமி அப்போது உயிருக்கே ஆபத்து. ஆரஞ்சு, வாழை என்று நாமே தோலுரிக்கும் பழங்கள் நல்லது, தண்ணீரைக் காய்ச்ச வேண்டும். பம்பளிமாஸ் சில மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். குழம்பில் போடும் மஞ்சளுக்குத் தடையில்லை. மஞ்சள் மாத்திரையாக, கரண்டிக் கணக்கில் எடுப்பது வேறு. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். கஷாயமோ சூரணமோ எடுத்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். திட்டுவாரோ என்ற பயத்தில் பலரும் மறைக்கிறார்கள். கல்லீரல் சோதனை முடிவு கெடும்போது காரணம் தெரியாமல் கீமோவை நிறுத்த வேண்டி வருகிறது.

'கத்தி பட்டால் பரவிவிடும்' என்ற பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் நம் ஆட்கள் நோய் முற்றிய பிறகே ஆஸ்பத்திரி போனார்கள். வயிற்றைத் திறந்து பார்த்தால் முன்பே பரவியிருக்கும், தைத்து அனுப்புவார்கள், சில வாரத்தில் இறப்பார்கள். பழி கத்தியின் மேல் விழுந்தது. பயாப்சி ஊசியின் வழியே செல்கள் பரவுவது மிக அரிது. அதையும் எண்ணித்தான் ஊசி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தீர்மானிக்கிறார்கள். எந்த வகைப் புற்று என்று தெரியாமல் சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்கவே முடியாது.

மலையில் உள்ளவர்களுக்குச் சாற்றைவிடப் பெரிய தடை பயணம். கீமோ பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, அதைப் போய்வந்து சமாளிக்கலாம். கரண்ட் வைப்பது வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஐந்தாறு வாரம்கூடப் போகும். தினம் மலையேறி இறங்குவது நடக்காத காரியம். பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் இங்கேதான். அதனால் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: மொத்தம் எத்தனை நாள், எங்கே தங்கலாம், ஆஸ்பத்திரியில் இடம் உண்டா, இந்தச் சிகிச்சை நோயைத் தீர்க்கவா அல்லது கட்டுக்குள் வைக்கவா, ஒரு மாதம் தள்ளிப்போட்டால் என்ன ஆகும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, புற்றுநோய்ச் சிகிச்சையும் அதில் அடங்கும். அட்டை இல்லாதவர்கள் பயாப்சி எடுத்த அன்றே விண்ணப்பிக்கத் தொடங்குவது நல்லது. சந்தேகத்துக்கு 104 என்ற இலவச எண் இருக்கிறது.

சிலருக்கு நோய் தீராது என்ற நிலை வந்திருக்கும். அவர் இன்னொரு சுற்றுக் கீமோ வேண்டாம் என்று சொன்னால், விளைவு தெரிந்து சொல்கிறார் என்றால், அது அவருடைய உரிமை. அப்போதும் வலிக்கு மருந்து உண்டு, மார்ஃபின் மாத்திரை கேட்டு வாங்க வேண்டும், வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அந்த நாட்களில் பத்தியம் என்ற பெயரில் பாகற்காய்ச் சாற்றை வாயில் ஊற்றாதீர்கள். பலாச்சுளையோ கறிக்குழம்போ, அவர் எதைக் கேட்கிறாரோ அதை, எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு கொடுங்கள்.