முட்டை ஓட்டுல மூச்சுக்காத்து!

ஹாஸ்டல் மெஸ்ல இன்னிக்கு ஆம்லெட்டா பாஸ்? அந்த முட்டை ஓடு எங்கே போச்சுன்னு கவனிச்சிருக்க மாட்டீங்க. கார்பன் சுழற்சின்னு ப்ளஸ் டூ புத்தகத்துல அம்புக்குறி போட்டு ஒரு வட்டம் இருக்குமே, அதைவிட நல்ல பாடம் அந்த ஓட்டுலதான் இருக்கு. நாமக்கல், சேலம் பக்கம் படிக்கிறவங்களுக்கு இது சொந்த ஊர் சமாச்சாரம் வேற!

முட்டை ஓடு கிட்டத்தட்ட 95 சதவிகிதம் கால்சியம் கார்பனேட். சங்ககிரி பக்கம் சிமென்ட்டுக்காக வெட்டுறாங்களே சுண்ணாம்புக்கல், அதுவும் இதேதான். 'அப்போ தீவனத்துல கலக்குற சுண்ணாம்புக்கல்தான் ஓடா வருது'ன்னு சொல்வீங்க. பாதிதான் கரெக்ட். கல்லுல இருந்து கோழி எடுத்துக்கிறது கால்சியத்தை. கார்பன் பெரும்பாலும் அதோட ரத்தத்துல இருந்து வருது. ஆமாங்க, நாம மூச்சுல வெளியே விடுறோமே, அதே கார்பன் டை ஆக்சைடு! வெளியே போக வேண்டிய காத்தைப் பிடிச்சு வெச்சு, சுமார் 20 மணி நேரத்துல கோழி ஓடு கட்டி முடிக்குது.

அந்தக் கார்பன் கோழிக்குள்ள எப்படி வந்துச்சு? முட்டைக்கோழி ஒண்ணு தினமும் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். அதுல பெரும்பங்கு மக்காச்சோளம். சோளப்பயிர் அதைக் காத்துல இருந்து இலை வழியா இழுத்துச்சு. நம்ம காட்டுலயோ, கர்நாடகாவுலயோ! இதே இலைக்கு இன்னொரு பங்காளியும் உண்டு. அமெரிக்கக் கண்டத்துப் படைப்புழு 2018-ல கர்நாடகாவுல தலைகாட்டி, தமிழ்நாட்டுச் சோளத்தையும் மேய்ஞ்சுது. மறு வருஷம் சோளம் விலை எகிற, பண்ணைக்காரங்க தலையில கை வெச்சாங்க. புழு தின்ன இலைக்கு முட்டைக்காரர் பில் கட்டுறார்! கோழி எரு மறுபடி லாரி ஏறி மரவள்ளிக் காட்டுக்கும் சோளக்காட்டுக்கும் போறது தனிக் கதை.

சிக்கல் சித்திரை வெயில்ல ஆரம்பிக்குது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. சூடு 40 டிகிரியை நெருங்கினா வாயைப் பொளந்து வேகவேகமா மூச்சு வாங்கும். விட விட ரத்தத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடும் வெளியே ஓடிடும். போதாக்குறைக்குத் தீனியும் குறையும். ஓடு கட்டச் சரக்கு ஏது? ஓடு மெலிசாகி, லாரி குலுங்குற குலுக்கல்ல விரிசல் விட்டுடும். கீறல் முட்டையை எவர் முழு விலைக்கு வாங்குவார்?

கொடுமையைப் பாருங்க. தொழிற்புரட்சிக்கு முன்னாடி காத்துல 10 லட்சம் பங்குக்கு 280 பங்கு இருந்த கார்பன் டை ஆக்சைடு இப்போ 420-ஐத் தாண்டிடுச்சு. பூமி சூடாகுறதே அதனாலதான். வெளியே அது அளவுக்கு மீறி இருக்கு. அந்தச் சூட்டுல கோழி ரத்தத்துல மட்டும் பத்தாக்குறை!

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வானிலையோட சேர்த்து கோழிக்கும் யோசனை சொல்லும். பேப்பர்ல 'வெப்ப அயற்சி'ன்னு பார்த்திருப்பீங்களே, இதுதான் அது. கூரையில தண்ணி தெளிக்கிறாங்க. தீவனத்துல சோடா உப்பு கலக்குறாங்க. அட, நம்ம ஆப்ப சோடாதான்! அதுல இருக்கிற பைகார்பனேட் ரத்தத்துல குறைஞ்சதை ஓரளவு ஈடுகட்டும். சில பண்ணையில நடுராத்திரி லைட்டைப் போட்டு ஒரு மணி நேரம் தீனி வைக்கிறாங்க. வெயில் இறங்கினாத்தான் கோழிக்குப் பசிக்கும். தவிர, காலையில இடப்போற முட்டைக்கு ஓடு கட்டுறதும் அந்த நேரத்துலதான்.